பழைய மேசைக் கணினியில் விசிறிக் கோளாறு: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

கடலூரிலும் புதுச்சேரியிலும் பத்து, பதினைந்து ஆண்டு வயதான மேசைக் கணினிகள் பத்திர எழுத்தர் அலுவலகங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் பள்ளி அலுவலகங்களிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து சரிசெய்து வருபவன் என்ற முறையில் சொல்வதானால், "ஃபேன் போய்விட்டது, புதிதாகப் போட்டுக் கொடுங்கள்" என்று வரும் கணினிகள் பலவற்றில் விசிறி நன்றாகவே இருக்கிறது. கடற்காற்றின் ஈரமும் உப்பும் தூசியோடு சேர்ந்து பிராசசரின் சூட்டை வாங்கி வெளியேற்றும் ஹீட்சிங்க் என்ற உலோகப் பாகத்தின் தகடுகளுக்கு இடையே அடையாக இறுகிவிடுகின்றன. இணைப்பு முனைகளில் பச்சை பூத்துவிடுகிறது. அதைப் பார்க்காமல் விசிறியை மட்டும் மாற்றினால், இரண்டே மாதத்தில் அதே கணினி அதே குறையோடு திரும்பி வருகிறது. ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தில் தொடங்கிச் செலவு மிகுந்த காரணத்தில் முடித்திருக்கிறேன். இடையில் எதையும் தாண்டிச் செல்ல வேண்டாம்.

## திறப்பதற்கு முன்

கணினியை முறையாக அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிட்டு, முன்புறப் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்திருந்தால் எஞ்சியிருக்கும் மின்சாரம் பெரும்பாலும் வடிந்துவிடும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. யூ.பி.எஸ். இருந்தால் அதிலிருந்தும் கழற்ற வேண்டும். உள்ளே கைவைக்கும் முன் கேபினட்டின் வண்ணம் பூசாத இரும்புப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளவும்.

நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர், உலர்ந்த பெயிண்ட் பிரஷ், டார்ச், தையல் மிஷின் எண்ணெய், துடைப்பதற்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், பிராசசருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே சூட்டைக் கடத்துவதற்குத் தடவும் தெர்மல் பேஸ்ட் ஒரு சிறிய குழாய் ஆகியவை போதும். மல்ட்டிமீட்டர் இருந்தால் நல்லது. இல்லாதவர்களுக்கு 9 வோல்ட் சதுர பேட்டரியைக் கொண்டு ஒரு சோதனையைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

பழைய கணினியில் பொதுவாக மூன்று விசிறிகள் இருக்கும்: பிராசசர் மேல் ஒன்று, கேபினட்டின் பின்புறத்தில் ஒன்று, எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்வழங்கிப் பெட்டிக்குள் ஒன்று. கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதிலும் ஒன்று இருக்கலாம். குறை எதில் என்று அறியாமல் எதையும் கழற்ற வேண்டாம். பக்கவாட்டுத் தகட்டை எடுத்துவிட்டு மீண்டும் மின்சாரம் கொடுத்து, நாளிதழ் ஒன்றைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு விசிறிக்கும் அருகே கொண்டுபோனால் ஒலி எங்கிருந்து வருகிறது என்பது உடனே தெரிந்துவிடும். ஓடும்போது உள்ளே கைவிடக் கூடாது. சட்டைக் கை, தாவணி, தலைமுடி ஆகியவற்றில் கவனம் வேண்டும்.

## அறிகுறி 1: காலையில் போட்டவுடன் கரகரவென்று இரைகிறது, சற்று நேரத்தில் அடங்குகிறது

வயர் உரசல். மெல்லிய வயர் ஒன்று சிறகில் பட்டுக்கொண்டிருந்தால் டகடகவென்று சீரான தாளத்தில் ஒலி வரும். வயரை ஒதுக்கிப் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிட்டால் தீர்ந்தது. பல்லி விழுந்து சிக்கியிருப்பதும் நம் ஊரில் அரிதன்று. கீழே கிடக்கும் கணினியின் பின்புற ஓட்டை அதற்கு வசதியான வாசல்.

தூசி. சிறகின் ஒரு பக்கத்தில் மட்டும் தூசி ஒட்டினால் எடை சமமின்றி அதிரும். பிரஷால் ஒவ்வொரு சிறகையும் இரு பக்கமும் துடைக்கவும். புளோயரால் ஊதுகிறவர்கள் ஒரு விரலால் சிறகைப் பிடித்துக்கொண்டே ஊத வேண்டும், ஏனெனில் காற்றின் வேகத்தில் விசிறி தன் அளவுக்கு மீறிச் சுழன்று தன் தாங்கியை (பேரிங்கை) கெடுத்துக்கொள்ளும். கடலூர் தேவனாம்பட்டினம், புதுச்சேரி வைத்திக்குப்பம் போன்ற கரையோரப் பகுதிகளில் இந்தத் தூசி காய்ந்த மாவுபோல் உதிராது, பிசினாக ஒட்டிக்கொள்ளும். அங்கே புளோயர் மட்டும் போதாது. பிரஷால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

எண்ணெய் வற்றியது. குளிர்ந்திருக்கும்போது இரைந்து சூடான பிறகு அடங்குவது இதற்கே உரிய அடையாளம். மலிவான விசிறிகளில் தாங்கி என்பது எண்ணெய் ஊறிய ஓர் உலோகக் குழல்தான். விசிறியைக் கழற்றி, பின்புற ஸ்டிக்கரைப் பாதிவரை உரித்து, அடியில் ரப்பர் மூடி இருந்தால் அதையும் எடுத்து, தையல் மிஷின் எண்ணெயை ஒரே ஒரு சொட்டு, மிஞ்சினால் இரண்டு சொட்டு விட்டு, சிறகைக் கையால் பத்து முறை சுழற்றி, வழிந்ததைத் துடைத்துவிட்டு ஸ்டிக்கரை மீண்டும் ஒட்டவும். எண்ணெய் படிந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டாது என்பதால் துடைக்கும் வேலையைச் சுருக்கக் கூடாது.

தேங்காய் எண்ணெயை விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது ஏறத்தாழ 24 டிகிரியிலேயே உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் விசிறி சுழலாமல் நிற்பதற்கு அதுவே காரணமாகிவிடும், நாள்பட்டால் பிசினாகவும் மாறும். துருவை இளக்கும் ஸ்பிரேயும் வேண்டாம், அது உள்ளே மிச்சமிருக்கும் எண்ணெயையும் கழுவிவிடும்.

தாங்கி தேய்ந்தது. எண்ணெய் விட்டும் ஓரிரு வாரத்தில் ஒலி திரும்பினாலோ, மின்சாரமில்லாத நிலையில் நடுக்குமிழைப் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் ஆடினாலோ, விசிறியை மாற்ற வேண்டியதுதான். எண்ணெய் என்பது மாற்று விசிறி கைக்கு வரும்வரை நாளைத் தள்ளுவதற்கான வழியே.

## அறிகுறி 2: விசிறி எப்போதும் முழு வேகத்தில் இரைகிறது

இந்த அறிகுறியில் விசிறியின் மேல் பழி போடுவது பெரும்பாலும் தவறு. உள்ளே சூடு இறங்காததால்தான் அது ஓடுகிறது.

முதலில் கணினி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கவும். மூடிய மர மேசையின் அறைக்குள் கேபினட்டைத் தள்ளிவைத்து, பின்புறத்தைச் சுவரோடு ஒட்டிவிட்டால் வெளியேறிய வெப்பக் காற்றையே அது மீண்டும் உறிஞ்சும். பின்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. மே மாதத்தில் வெளியே 40 டிகிரி அடிக்கும்போது ஓட்டுக் கூரையின் கீழ் இருக்கும் கணினி சற்று இரையத்தான் செய்யும், அதைப் பழுதாகக் கொள்ள வேண்டாம்.

அடுத்து ஹீட்சிங்க். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் விசிறி சுத்தமாகத் தெரியும். அதன் அடியில் தகடுகளுக்கு மேலே கம்பளித் துண்டுபோல் ஒரு தூசிப் படலம் படிந்திருக்கும். மேலோட்டமாக ஊதுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சித் தகடுகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

தகடுகள் சுத்தமாக இருந்தும் சத்தம் குறையவில்லை என்றால், எல்.ஜி.ஏ.775, 1155, 1150 என்ற சாக்கெட் வகை இன்டெல் மதர்போர்டுகளில் ஹீட்சிங்க்கின் நான்கு பிளாஸ்டிக் கால்களையும் ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கவும். நான்கில் ஒன்று மேலெழும்பியிருந்தால் ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். பிராசசரின் சூடு அதற்கு ஏறாது. பழைய கணினிகளில் நான் அடிக்கடி காணும் ஒற்றைக் குறை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கால்களும் சரியாக இருந்தால் இரண்டு வழிகள் உண்டு. பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கங்களில், 'ஹார்டுவேர் மானிட்டர்' அல்லது 'பி.சி. ஹெல்த் ஸ்டேட்டஸ்' என்ற பக்கத்தைத் திறந்து பிராசசரின் வெப்பநிலையைப் பார்க்கவும்.

வெப்பநிலை 70 டிகிரிக்கு மேல் ஏறிக்கொண்டே போனால், தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகிவிட்டது. கீழே மாற்றும் பகுதியில் சொல்லியபடி புதிதாகத் தடவ வேண்டும்.

வெப்பநிலை 40, 50 என்று அடக்கமாக இருந்தும் விசிறி முழு வேகத்தில் ஓடினால், கட்டுப்பாட்டில் குறை. போர்டிலுள்ள சிஆர்2032 என்ற நாணய வடிவப் பேட்டரி தீர்ந்து, பயாஸ் அமைப்புகள் ஒவ்வொரு முறையும் அழிந்துபோவது முதல் சந்தேகம்; தேதியும் நேரமும் தவறாகக் காட்டினால் அது உறுதி. பேட்டரியை மாற்றிய பின் 'ஸ்மார்ட் ஃபேன்' அல்லது 'கியூ-ஃபேன்' என்ற அமைப்பை மீண்டும் இயக்கிவிடவும். யாராவது முன்பு மூன்று முனை விசிறியை நான்கு முனை இணைப்பில் பொருத்தியிருந்தால், பல போர்டுகளால் அதன் வேகத்தைக் குறைக்க முடியாது. நான்கு முனை விசிறிதான் தீர்வு.

## அறிகுறி 3: 'சி.பி.யூ. ஃபேன் எர்ரர், பிரஸ் எஃப்1' என்று திரையில் வந்து நிற்கிறது

எஃப்1 அழுத்தினால் கணினி ஓடிவிடுகிறது என்பதற்காக மாதக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. சில எச்.பி. கணினிகளில் இதே செய்தி 511, 512 என்ற எண்களோடு வரும்: 511 என்றால் பிராசசர் விசிறி, 512 என்றால் கேபினட் விசிறி. செய்தி வந்ததும் தகட்டைத் திறந்து, விசிறி சுழல்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்ப்பதுதான் முதல் வேலை.

### விசிறி சுழல்கிறது, ஆனாலும் செய்தி வருகிறது

சுத்தம் செய்த மறுநாள் இப்படி வந்தால், பிராசசர் விசிறியின் முனையைத் தவறுதலாகக் கேபினட் விசிறிக்கான இணைப்பில் செருகியிருப்பீர்கள். போர்டில் 'சிபியூ_ஃபேன்' என்று அச்சிட்ட இடத்திற்கு மாற்றினால் போதும்.

சரியான இடத்தில்தான் இருக்கிறது என்றால், முனையைக் கழற்றி உள்ளே பார்க்கவும். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, நாலைந்து முறை செருகிச் செருகி எடுக்கவும். சுழலும் வேகத்தைப் போர்டுக்குச் சொல்வது மூன்றாவது முனைதான். அதில் உப்புப் படிந்தால் விசிறி ஓடினாலும் போர்டுக்குத் தெரியாது. உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், மேல்பூச்சு போய் அடுத்த மழைக்காலத்திலேயே மீண்டும் பூக்கும்.

புதிய விசிறி போட்ட பிறகு இச்செய்தி வந்தால், அது மெதுவாகச் சுழலும் வகையாக இருக்கலாம். சில ஆசுஸ் போர்டுகள் நிமிடத்திற்கு 600 சுற்றுக்குக் கீழே போனாலே பழுது என்று கொள்ளும். விசிறி ஓடுவதைக் கண்ணால் உறுதிசெய்த பிறகு மட்டும் பயாஸில் அந்தக் கீழ் எல்லையைக் குறைக்கலாம். பெரிய அமைதியான விசிறிகளில் இது எதிர்பார்க்கத் தக்கதே.

### விசிறி சுழலவே இல்லை

பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சிறகை விரலால் மெல்லத் தள்ளவும்.

தள்ளியதும் உடனே நின்றால், தாங்கி இறுகியிருக்கிறது. நீண்ட நாள் ஓடாமல் கிடந்த கணினிகளில் இது இயல்பு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, மின்சாரம் திரும்பி வந்த நாட்களில் என்னிடம் வந்த கணினிகள் பலவும் இப்படி இறுகியவைதான். எண்ணெய் விட்டால் பாதியாவது பிழைக்கும்; பிழைத்தவற்றையும் நம்பி வைத்திருக்காமல் மாற்றிவிடுவதே நல்லது.

தாராளமாகச் சுழல்கிறது, மின்சாரம் கொடுத்தால் மட்டும் ஓடவில்லை என்றால், குற்றம் விசிறியிலா போர்டிலா என்று பிரிக்க வேண்டும். விசிறியின் முனையை வெளியே எடுத்து, 9 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையைக் கறுப்பு வயருக்கும், நேர்முனையை அடுத்துள்ள வயருக்கும் தொட்டுப் பிடிக்கவும். மூன்று முனை விசிறிகளில் அந்த இரண்டாம் வயர் பெரும்பாலும் சிவப்பு, நான்கு முனையில் பெரும்பாலும் மஞ்சள். 12 வோல்ட் விசிறி 9 வோல்ட்டிலும் மெதுவாக ஓடும்.

பேட்டரியில் ஓடவில்லை: விசிறி முடிந்தது, மாற்றவும்.

பேட்டரியில் ஓடுகிறது: போர்டின் இணைப்பில் குறை. மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையை முதல் ஊசியிலும் சிவப்பு முனையை இரண்டாம் ஊசியிலும் வைத்துப் பார்த்தால் நான்கு ஊசி இணைப்பில் ஏறத்தாழ 12 வோல்ட் காட்ட வேண்டும். பக்கத்து ஊசிகளைச் சேர்த்துத் தொட்டுவிட்டால் போர்டே போய்விடும் என்பதால், கை நடுங்குகிறவர்கள் இதைச் செய்ய வேண்டாம். மின்சாரம் வரவில்லையெனில் அந்த இணைப்பைப் பழுதுபார்க்கச் செலவிடுவது பழைய போர்டுக்குத் தகாது. கேபினட் விசிறியாக இருந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெரிய நான்கு முனை வயரிலிருந்து, அதாவது மஞ்சளும் கறுப்பும் சேர்ந்த 12 வோல்ட் இணைப்பிலிருந்து, ஒரு மாற்று முனை வழியாக ஓட்டிக்கொள்ளலாம். பிராசசர் விசிறியை அப்படி ஓட்டினால் அது நின்றுபோவதைச் சொல்ல ஆளிருக்காது. அதை ஒரு தற்காலிக ஏற்பாடாக மட்டும் கொள்ளவும்.

## அறிகுறி 4: பத்து, இருபது நிமிடம் ஓடிவிட்டுத் தானாக அணைகிறது

விசிறிகள் எல்லாம் ஓடுகின்றன என்றால் அறிகுறி 2இல் சொன்ன தூசி, கால்கள், பேஸ்ட் ஆகிய மூன்றையும் அதே வரிசையில் பார்க்கவும். பழைய டெல் கணினிகளில் மறுபடி போடும்போது 'தெர்மல் ஈவென்ட்' என்ற சொற்களோடு எச்சரிக்கை வந்தால் சூடுதான் காரணம் என்பதில் ஐயமில்லை.

அந்த மூன்றும் சரியாக இருந்து, பயாஸில் வெப்பநிலையும் 55 டிகிரிக்குள்ளேயே நின்று, அப்போதும் அணைந்தால், விசிறியை விட்டுவிடவும். போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, உப்பியிருக்கிறதா என்று பார்க்கவும். உப்பியிருந்தாலோ பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அது சாலிடர் வேலை தெரிந்தவருக்குரியது. கெப்பாசிட்டர்களும் நன்றாக இருந்தால் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மேல் விழுகிறது.

## அறிகுறி 5: எஸ்.எம்.பி.எஸ். விசிறி இரைகிறது அல்லது நின்றுவிட்டது

இந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம். நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம் அதற்குள் நேர்மின்சாரமாக மாறிப் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே வடிந்துவிடும் என்று நம்ப முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, கணினி ஓடாத நிலையில் பின்புறச் சல்லடையை வெளியிலிருந்து பிரஷால் துடைப்பது மட்டுமே. அதற்குப் பிறகும் இரைந்தால் தொழில்முறையாளரிடம் கொடுக்கவும். விசிறி நின்ற எஸ்.எம்.பி.எஸ்.ஸோடு ஒரு நாள்கூட ஓட்ட வேண்டாம். பத்தாண்டு பழைய பெட்டியாக இருந்தால் விசிறியை மட்டும் மாற்றச் சொல்வதைவிட முழுப் பெட்டியையே மாற்றிவிடுவது என் பரிந்துரை.

## புதிய விசிறி வாங்கும்போது

பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதே பாதுகாப்பு. முடியாவிட்டால் திருகு ஓட்டைகளுக்கு இடையிலான தொலைவை அளந்து குறித்துக்கொள்ளவும்: 71.5 மில்லிமீட்டர் என்றால் 80 மி.மீ. விசிறி, 82.5 என்றால் 92, 105 என்றால் 120. தடிமன் பெரும்பாலும் 25 மி.மீ. ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்றும் எத்தனை ஆம்பியர் என்றும் இருக்கும். பழையதைவிட மிகுந்த ஆம்பியர் உள்ளதைப் போர்டின் இணைப்பில் செருக வேண்டாம்.

விலை வேறுபாடு சில நூறு ரூபாய்க்குள்ளேயே இருக்கும் என்பதால், கடலோரத்தில் இருப்பவர்கள் பால் பேரிங் (எண்ணெய்க் குழலுக்குப் பதில் சிறு உருண்டைகள் உள்ள தாங்கி) உள்ளதைக் கேட்டு வாங்கவும். பழைய டெல் கணினிகள் சிலவற்றில் ஐந்து முனை இணைப்பு உண்டு. கடையிலுள்ள சாதாரண விசிறி அதில் பொருந்தாது. கடலூர், புதுச்சேரிக் கடைகளில் கிடைக்காவிட்டால் சென்னை ரிச்சி தெருவில் பழைய உதிரிப் பாகமாகத் தேட வேண்டியிருக்கும். வயரை வெட்டி ஒட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், வண்ண வரிசை மாறுபடும் என்பதை அறிந்தவரா என்று கேட்டுக்கொள்ளவும்.

## மாற்றும் முறை

கேபினட் விசிறிக்கு நான்கு திருகுகள் மட்டுமே. காற்று எந்தப் பக்கம் போகிறது என்பதே முக்கியம்: ஸ்டிக்கரும் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களும் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியேறும். பின்புற விசிறியில் அந்தப் பக்கம் வெளியே பார்க்க வேண்டும்.

பிராசசர் விசிறிக்குக் கூடுதல் கவனம் தேவை. ஏ.எம்.டி.யின் பழைய ஹீட்சிங்க்குகள் பலவற்றில் நான்கு திருகுகளை எடுத்து விசிறியை மட்டும் மாற்றிவிடலாம். ஹீட்சிங்க்கைத் தொட வேண்டியதில்லை. இன்டெலின் பெட்டியோடு வந்த ஹீட்சிங்க்கில் விசிறியும் கால்களும் ஒரே சட்டத்தில் இருப்பதால் முழுவதையும் மாற்றுவது எளிது. 775க்கானது 1155க்குப் பொருந்தாது, கால் இடைவெளி முறையே 72 மி.மீ., 75 மி.மீ.

கழற்றும் முன் கணினியை ஐந்து நிமிடம் ஓட்டி அணைத்தால் பேஸ்ட் இளகியிருக்கும். இன்டெலில் ஒவ்வொரு காலையும் அதன் மேலுள்ள அம்புக்குறி காட்டும் திசையில் கால்வாசிச் சுற்று திருப்பி மேலே இழுக்கவும். ஏ.எம்.டி.யில் கொக்கியை விடுவித்த பின் நேராகத் தூக்காமல், இடமும் வலமுமாகச் சற்றுத் திருகி எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட்டோடு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். ஊசிகள் வளைந்தால் அதற்கு மேல் உங்கள் கையில் இல்லை.

பழைய பேஸ்ட்டை ஆல்கஹாலில் நனைத்த துணியால் இரு பக்கமும் பளிச்சென்று துடைத்துவிட்டு, பிராசசரின் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு புதிய பேஸ்ட் வைக்கவும். விரலால் பரப்ப வேண்டாம், ஹீட்சிங்க்கின் அழுத்தமே பரப்பிவிடும். புதிய ஹீட்சிங்க்கின் அடியில் பேஸ்ட் தடவியே வந்திருந்தால் வேறு தேவையில்லை. இன்டெல் கால்களின் தலையை அம்புக்குறிக்கு எதிர்த்திசையில் பழைய நிலைக்குத் திருப்பிவைத்து, எதிரெதிர் மூலைகளாக இரண்டிரண்டாக அழுத்தவும். ஒவ்வொன்றும் 'டக்' என்று ஒலிக்க வேண்டும். ஒலியை மட்டும் நம்பாமல் போர்டின் அடிப்பக்கம் தெரிந்தால் நான்கு கால்களும் முழுதாக வெளிவந்திருக்கின்றனவா என்று பார்க்கவும். நான் இன்றும் பார்க்கிறேன்.

## தொழில்முறையாளரை எப்போது அழைக்க வேண்டும்

எஸ்.எம்.பி.எஸ்.ஸைத் திறக்க வேண்டிய எந்த வேலைக்கும், கெப்பாசிட்டர் உப்பியிருந்தாலும், ஊசி வளைந்தாலும், கருகிய வாடை வந்தாலும், வெள்ள நீர் ஒருமுறை உள்ளே போயிருந்தாலும் அழைக்கவும். கடைசி நிலையில் மின்சாரம் கொடுத்துப் பார்க்கவே கூடாது. மதர்போர்டு மாற்ற வேண்டும் என்று முதல் வார்த்தையிலேயே சொல்லும் இடத்தில், விசிறியைத் தனியாக ஓட்டிக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

## மூடும் முன்

தகட்டை மாட்டாமல் கணினியை அரைமணி நேரம் ஓட்டவும். ஏதாவது ஒரு நீண்ட காணொளியை ஓடவிட்டு, விண்டோஸில் ஹெச்டபிள்யூமானிட்டர் போன்ற மென்பொருளில் வெப்பநிலையைப் பார்த்தால், இத்தகைய பழைய பிராசசர்கள் 75 டிகிரிக்குள் நிற்க வேண்டும். 85ஐத் தாண்டினால் ஹீட்சிங்க்கை மறுபடி கழற்றிப் பொருத்தவும். சரியாக இருந்தால் அந்த நாளின் தேதியையும் வெப்பநிலையையும் ஒரு காகிதத்தில் எழுதித் தகட்டின் உட்புறம் ஒட்டிவிட்டு மூடவும். ஐப்பசி மழைக்கு முன் அடுத்த முறை தூசி தட்டத் திறக்கும்போது அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.